நுண் உயிருணர் கருவிகளில் கரிம ஒளிமூலங்களும் ஒளியுணரிகளும்

கரிமப் பொருள்களாலான மெல்லிய ஏடுகளில் மின்சாரத்தைச் செலுத்தி ஒளியைப் பிறப்பிப்பதும், அத்தகைய ஏடுகளின் மீதே ஒளியை வீழ்த்தி மின்சாரத்தைப் பெறுவதுமாகிய இரண்டு தொழில்களையும், இரத்தம் முதலிய உயிர்த் திரவங்களிலுள்ள பொருள்களை அளந்தறியும் சிறு கருவிகளுக்குள் ஒருங்கே அமைக்கும் முறை, இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருக்கொண்டதாகும். அதன் வேர்களோ, திரைகளையும் சூரிய மின்கலங்களையும் நாடியோர் ஊன்றியவை.

1963-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் போப்பும் அவருடைய சகாக்களும், கரித்தாரிலிருந்து கிடைக்கும் ஆந்த்ரசீன் என்னும் பொருளின் படிகம் மின்சாரத்தால் ஒளிர்வதைக் கண்டனர். ஆயினும் அதற்கு 400 வோல்ட் அளவு மின்னழுத்தம் வேண்டியிருந்தமையால், அது ஆய்வுக்கூடத்து அதிசயமாகவே நின்றுவிட்டது. ராசெஸ்டர் நகரத்துக் கோடக் நிறுவனத்தில் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் 1987-இல் வெளியிட்ட கட்டுரையே பாதையைத் திறந்தது. இரண்டு கரிமப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஆவியாக்கிப் படியவைத்து, 10 வோல்ட்டுக்கும் குறைந்த அழுத்தத்தில் பிரகாசமான பச்சை ஒளியை அவர்கள் பெற்றனர். இதே டாங், முந்திய ஆண்டில், ஒளியை மின்சாரமாக்கும் ஈரடுக்குக் கரிமக் கலத்தையும் வெளியிட்டிருந்தார். ஒளியைத் தரும் வழியையும் பெறும் வழியையும் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒரே மனிதர் காட்டியது இச்சரித்திரத்தில் சுவையான செய்தி. 1990-இல் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் பாலிமர்ப் படலத்தையும் ஒளிரச் செய்தனர்.

அதே 1990-இல், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஆந்திரயாஸ் மான்ஸும் அவருடைய கூட்டாளிகளும், ஒரு ரசாயனப் பரிசோதனையின் எல்லாப் படிகளையும் ஒரு சிறு தகட்டுக்குள் அடக்கும் கருத்தை முன்வைத்தனர். தகடு சிறுத்தது; ஆனால் அதிலுள்ள திரவத்தின் ஒளிர்வை அளப்பதற்கு லேசரும், வில்லைகளும், வடிகட்டிகளும், ஒளிபெருக்குக் குழாயும் மேசை நிறைய வேண்டியிருந்தன. நகக்கண் அளவான தகட்டுக்கு மேசையளவு பரிவாரம்! கண்ணாடியின் மீது நேரே படியவைக்கக் கூடியதும், வில்லையில்லாமலே மாதிரிக்கு அருகில் நிற்கக் கூடியதுமான ஒளிமூலம் இந்தப் பரிவாரத்தைக் கலைக்குமென்ற எண்ணம் இவ்வாறுதான் எழுந்தது.

அமெரிக்காவில் ஏம்ஸ் நகரத்து ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜோசப் ஷினார், ரூத் ஷினார் ஆகியோரின் குழுவினர் பிராணவாயுவை அளக்கச் செய்த கருவியைச் சற்று நின்று பார்க்கலாம். கண்ணாடித் தகட்டின் ஒரு முகத்தில் பச்சை ஒளி தரும் கரிமப் படலம். மறு முகத்தில் பிளாட்டினம் அணுவைத் தன் நடுவே கொண்ட பார்ஃபிரின் சாயம் தோய்ந்த பாலிஸ்டைரீன் படலம். பச்சை ஒளி பட்டதும் சாயம் சிவப்பாய் ஒளிர்கிறது. பச்சை நின்ற பின்னும், பிராணவாயு இல்லாவிடில், ஏறக்குறைய 100 மைக்ரோ விநாடி அளவில் அந்தச் சிவப்பு தேய்ந்து மறைகிறது. பிராணவாயுவின் மூலக்கூறுகள் சாயத்தோடு மோதும்போது அதன் சக்தியைப் பறித்துக்கொள்வதால், வாயு மிகுந்த அளவுக்கு ஒளிர்வின் ஆயுள் குறுகுகிறது. ஒளியின் அளவை விடுத்து ஆயுளை அளப்பதில் பெரிய சௌகரியம் உண்டு: விளக்கு அணைந்த பிறகே அளவெடுப்பதால் நிறவடிகட்டி தேவைப்படுவதில்லை, விளக்கு சற்று மங்கினாலும் கணக்குப் பிசகுவதில்லை. குளுக்கோஸை ஆக்ஸிகரணம் செய்யும் நொதியை இதனோடு சேர்த்தால், நொதி உண்டுவிடும் பிராணவாயுவின் குறைவைக் கொண்டே சர்க்கரையின் அளவும் புலப்படும். இதில் ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். கரிமப் படலங்களுக்குப் பரம விரோதி பிராணவாயுவும் ஈரமுமே. ஆகவே, எந்த வாயுவை அளக்கப் பிறந்ததோ அந்த வாயு உள்ளே புகாதபடி விளக்கை மூடிவைத்துக் காக்க வேண்டியதாயிற்று.

ஒளியுணரிகளின் கதை இதைவிடச் சுருக்கமானது. 2005-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியினர், செம்பு தாலோசயனினும் ஃபுல்லரீனும் அடுக்கிய கரிம ஒளியுணரியை நுண்குழாய்த் தகட்டோடு இணைத்து, மின்மினியின் ஒளியைப்போல ரசாயன வினையில் தானே பிறக்கும் ஒளியை அளந்தனர்; இங்கு விளக்கே வேண்டியதில்லை.

விளக்கும் உணரியும் முற்றும் கரிமமாகவே ஒன்றுசேர்ந்தது நாடித்துடிப்பையும் இரத்தத்தின் பிராணவாயுவையும் அளக்கும் கருவியில். ஜப்பானியர் தாக்குவோ அவோயாகி 1974-இல் வெளியிட்ட முறையை ஒட்டிவந்த விரற்கவ்விகள் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பையும் பயன்படுத்தின. கலிபோர்னியாவின் பெர்க்லியில் 2014-இல் அனா அரியாஸின் குழுவினர் அகச்சிவப்பை நீக்கிப் பச்சையை வைத்தனர். பிராணவாயு ஏற்ற இரத்தமும் ஏற்காத இரத்தமும் பச்சையையும் வெவ்வேறு அளவில் விழுங்குவதே காரணம். துடிப்பில் 1 சதவீதமும் பிராணவாயுவில் 2 சதவீதமுமே பிழை கண்டது. 2016-இல் தோக்கியோவில் தகாவோ சொமேயாவின் குழுவினர் இத்தகைய சாதனத்தை 3 மைக்ரான் கனமுள்ள தோலாகவே செய்து உடலில் ஒட்டினர். அவர்களுடைய சாமர்த்தியம் ஒளியைக் காட்டிலும் மூடியில்தான் அதிகம் விளங்கியது: பாரிலீனையும் சிலிக்கன் ஆக்ஸிநைட்ரைடையும் மாற்றி மாற்றி அடுக்கி வாயுவையும் ஈரத்தையும் தடுத்ததனால், அதற்கு முன் இவ்வகை மெல்லேடுகள் காற்றில் உயிர்தரித்த சில மணி நேரம் சில நாட்களாக நீண்டது.