விமானியின் உடை பிரசவ அறைக்கு வந்த கதை

108 ஆம்புலன்ஸ் எத்தனையோ முறை நம்மைக் கடந்து போயிருக்கும். ஸ்ட்ரெச்சர், ஆக்சிஜன் சிலிண்டர் இவற்றோடு அதில் ஓர் உடையும் உண்டு. கணுக்காலிலிருந்து வயிறு வரை பட்டை பட்டையாகச் சுற்றி இறுக்கும் உடை அது. பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு நிற்காத தாயின் உயிரை, பெரிய மருத்துவமனை போய்ச் சேரும்வரை பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. அதிர்ச்சித் தடுப்பு உடை என்று பெயர். நர்ஸ்களுக்குப் பழகிய பொருள்தான். ஆனால் அது நடந்து வந்த வழி நீண்டது.

தொடக்கம் 1903-ல், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில். ஜார்ஜ் கிரைல் என்ற அறுவை மருத்துவருக்கு ஒரு கவலை. அறுவை சிகிச்சையின்போது நோயாளிகளின் ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கியது. கால்களிலும் வயிற்றிலும் தேங்கும் ரத்தத்தை வெளியிலிருந்து அழுத்தி மேலே அனுப்பினால் என்ன? காற்றடைத்த ரப்பர் உடை ஒன்றைச் செய்து போட்டுப் பார்த்தார். அந்த உடை நிலைக்கவில்லை. யோசனை நிலைத்தது.

அடுத்த காட்சி கனடாவின் டொராண்டோவில், 1930களின் கடைசியில். வில்பர் ஃபிராங்க்ஸ் புற்றுநோய் ஆய்வாளர். வேகமாகச் சுழலும் கருவியில் அவர் வைத்த கண்ணாடிக் குழாய்கள் உடைந்துகொண்டே இருந்தன. குழாயைச் சுற்றித் தண்ணீர் நிரப்பினார், உடைவது நின்றது. குழாய்க்குப் பொருந்துவது உடலுக்கும் பொருந்துமா? தண்ணீர் நிரப்பிய ரப்பர் உறைக்குள் எலிகளை வைத்துச் சுழற்றினார். அவை பிழைத்தன.

அப்போது போர் விமானிகளுக்கு ஒரு தொழில் ஆபத்து இருந்தது. விமானம் சட்டென்று திரும்பினால் தலையிலிருந்த ரத்தம் காலுக்கு இறங்கும். கண் இருண்டு மயக்கம் வரும். ஃபிராங்க்ஸின் தண்ணீர் உடையை 1942-ல் வட ஆப்பிரிக்கப் போரில் பிரிட்டிஷ் கடற்படை விமானிகள் அணிந்தார்கள். தண்ணீர் கனத்தது என்பதால் அமெரிக்கர்கள் காற்றுக்கு மாறினார்கள். அவர்களுக்கு அந்த உடையைத் தைத்துக் கொடுத்தவர்களில் ஒருவர் டேவிட் கிளார்க். பெண்களின் இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் உள்ளாடை செய்து விற்றவர் அவர்! பெண்ணுடை தைத்த கை விமானிக்குத் தைத்தது. அந்த உடையே பின்னால் பெண்ணிடம் திரும்பியது.

வியட்நாம் போரில் அது காயம்பட்ட வீரர்களின் காற்சட்டையானது. 1970களில் அமெரிக்க ஆம்புலன்ஸ்களில் இடம்பிடித்தது. பின்னர் ஹூஸ்டன் நகரில் நடந்த ஆய்வு, காயம்பட்டவர்களுக்கு அதனால் நன்மையில்லை, கேடும் உண்டு என்று காட்டியது. மார்பில் காயம் பட்டவருக்குக் காலை அழுத்தினால் ரத்தம் மேலேதான் இன்னும் கொட்டும். அதைப் பார்த்து ஆம்புலன்ஸ்கள் உடையைக் கைவிட்டன. நியாயம்தான். ஆனால் ரத்தம் கருப்பையிலிருந்து போகும்போது கணக்கு வேறு. அந்த இடம் உடையின் பிடிக்குள்ளேயே இருக்கிறது.

இதற்கான சாட்சி முன்பே கிடைத்திருந்தது. 1969-ல் ஸ்டான்ஃபோர்ட் மருத்துவமனையில் ஒரு தாய்க்கு, பல அறுவை சிகிச்சைகள் செய்தும் உதிரப்போக்கு நிற்கவில்லை. மருத்துவர்கள் பக்கத்திலிருந்த நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தைக் கேட்டார்கள். விமானி உடையை மாற்றியமைத்து அவருக்கு அணிவித்தார்கள். ரத்தம் நின்றது.

பிறகு காற்று பம்பும் தேவையில்லாமல் போனது. நீந்துபவர்கள் அணியும் நியோப்ரீன் துணியும் வெல்குரோ ஒட்டுப்பட்டையும் போதுமென்றாயிற்று. வெல்குரோவும் ஒரு தற்செயல்தான். சுவிட்சர்லாந்தின் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல், தன் நாயின் ரோமத்தில் ஒட்டிய முள்விதையைப் பார்த்துக் கண்டுபிடித்தது. நம்மூர் நாயுருவி வேட்டியில் ஒட்டிக்கொள்கிற அதே வித்தை.

புதிய உடை தாய்மாரிடம் தன்னை நிரூபித்த இடம் பாகிஸ்தானின் சியால்கோட். அங்கு ஒரு மருத்துவமனையில் பயன்படுத்திய அனுபவத்தை மகப்பேறு மருத்துவர் பால் ஹென்ஸ்லே 2002-ல் எழுதினார். செவிலியும் மருத்துவச்சியுமான சூயலன் மில்லர் அதை எகிப்துக்கும் நைஜீரியாவுக்கும் கொண்டு போனார். 1,400-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த அந்த ஆய்வில், உடை வந்தபின் இறப்பு 6.3 சதவீதத்திலிருந்து 3.5 ஆகக் குறைந்தது. ஒரு தடை மட்டும் மிச்சம்: விலை சுமார் 300 டாலர். சீனாவிலும் இந்தியாவிலும் அதேபோல் தைக்கத் தொடங்கியதும் அது 100 டாலருக்குக் கீழே வந்தது. பார்த்துச் செய்தவர்களும் உயிர் காத்தார்கள். 2012-ல் உலக சுகாதார நிறுவனம், தகுந்த சிகிச்சை கிடைக்கும்வரை இதைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது.

"கிடைக்கும்வரை" என்ற சொல்தான் முக்கியம். இந்த உடை நோயைத் தீர்ப்பதில்லை, நேரம் வாங்கித் தருகிறது. கட்டுக்கடங்காத உதிரப்போக்கு இரண்டே மணி நேரத்தில் ஒரு தாயைக் கொண்டுபோய்விடும். உலகில் ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் இப்படி இறக்கிறார்கள். ஊசி மருந்தும் ரத்தமும் மருத்துவரும்தான் காப்பாற்றுவார்கள். அவர்களிடம் சேரும்வரை உடை காவல் நிற்கும்.

வீட்டில் பேறுகாலம் வந்தால் இரண்டை நினைவில் வையுங்கள். பிரசவத்துக்குப் பின் ரத்தம் நிறையப் போனால், அழுக்கு ரத்தம் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். அந்த உடையோடு தாய் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தால், பாவம், இறுக்குகிறதே என்று அவிழ்த்துவிடாதீர்கள். உடல் தேறிய பிறகு, கணுக்காலில் தொடங்கி ஒவ்வொரு பட்டையாக, இடையில் 15 நிமிடம் விட்டு, நாடியும் ரத்த அழுத்தமும் பார்த்துத்தான் அதைக் கழற்ற வேண்டும். அது தெரிந்தவர் கையிலேயே விடுங்கள்.