விரல் அறியும் விசை

தட்டச்சுப் பயிலகத்துக்கு அண்டை வீட்டில் குடியிருந்தவர்கள் அந்த ஓசையை எளிதில் மறக்கமாட்டார்கள். விடியற்காலையிலேயே தொடங்கும் 'டக டக' என்னும் அடியும், வரி முடியும்போது ஒலிக்கும் மணியும் தெருமுனை வரை கேட்கும். பின்னர் கணிப்பொறி வந்தது, ஓசை அடங்கியது. விரல் தொட்டால் போதும், எழுத்து திரையில் தோன்றியது.

அண்மையில் ஒரு சிறிய விசைப்பலகையைச் சில வாரங்கள் பயன்படுத்திப் பார்த்தேன். மாணவர்கள் வைத்திருக்கும் 30 செ.மீ. அளவுகோலின் நீளந்தான் அதன் நீளம். மொத்தம் 61 விசைகள். கணிப்பொறியோடு பிணைக்கும் கம்பி கிடையாது. ஒவ்வொரு விசையின் அடியிலும் தனித்தனியே ஒரு சுருள்வில் இருக்கிறது. அழுத்தியவுடன் பழைய பயிலகத்தின் ஓசை, சற்றே தணிந்த குரலில், மீண்டும் கேட்டது! கடைகளில் இதற்கு 'மெக்கானிக்கல் கீபோர்டு' என்று பெயர். விளையாட்டுக்கும் எழுத்து வேலைக்கும் ஏற்றது என்று சொல்லி விற்கிறார்கள்.

சிறிய உருவம், கம்பியில்லாத் தொடர்பு ஆகிய இரண்டும் இக்காலப் புதுமைகள் என்று நாம் எண்ணக்கூடும். ஆனால் இவ்விரண்டும் அமைந்த ஒரு விசைப்பலகை 1983-ஆம் ஆண்டிலேயே அறிவிக்கப்பட்டது. அதை வெளியிட்டது சாதாரண நிறுவனமும் அன்று. கணிப்பொறி உலகில் அன்று முதலிடத்தில் இருந்த ஐ.பி.எம். நிறுவனம். அப்பலகை தோற்றது. அது ஏன் தோற்றது, இது ஏன் நிலைத்தது? இதை அறிய, விசைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதன் வரலாற்றைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

நெம்புகோலின் காலம்

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் வாழ்ந்த கிறிஸ்டோபர் லேத்தம் ஷோல்ஸ் என்பவரும் அவருடைய நண்பர்களும் 1868-இல் ஒரு தட்டச்சுப் பொறிக்குக் காப்புரிமை பெற்றனர். அதன் முதல் மாதிரியில் விசைகள் பியானோவில் இருப்பதைப் போல நீண்டிருந்தன. துப்பாக்கிகளும் தையல் பொறிகளும் செய்துவந்த ரெமிங்டன் நிறுவனம் இப்பொறியைத் திருத்தி 1874-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நாம் இன்றும் பயன்படுத்தும் ஆங்கில எழுத்து வரிசை இந்தப் பொறியிலிருந்துதான் நமக்கு வந்தது. எழுத்துத் தண்டுகள் ஒன்றோடொன்று சிக்காமல் இருப்பதற்காகவே இவ்வரிசை அமைந்தது என்பர் பலர். தந்தி அலுவலர்களின் தேவைக்கேற்ப மாறி மாறி உருவானது என்பர் வேறு சிலர். இவ்வழக்கு இன்னும் தீரவில்லை.

நமக்கு இங்கே வேண்டியது வேறொன்று. அப்பொறியில் விசை என்பது ஒரு நெம்புகோல். விரலின் வலிமையே எழுத்துத் தண்டைத் தூக்கி மைநாடாவின்மேல் அடித்தது. எழுத்து தாளில் பதிந்ததை விரலும் காதும் அந்தக் கணமே அறிந்தன. அதனால்தான் விசைகளைப் பாராமலேயே அடிக்கும் கலை பிறந்தது. 1888-இல் சின்சினாட்டி நகரில் நடந்த போட்டியில், பாராமல் பத்து விரல்களாலும் அடித்த ஃபிராங்க் மக்கரின், லூயி டிராபை வென்றார். கண்ணுக்கு வேலை வைக்காமல் விரலே எழுதக்கூடும் என்பது அன்று ஊரறிய உறுதியாயிற்று.

விசை சுவிட்சாகியது

கணிப்பொறியில் விசைக்குப் பளு தூக்கும் வேலை இல்லை. அது வெறும் மின் சுவிட்சு. பலகையின் உள்ளே கம்பிகள் கிடையாகவும் நெடுகவும் வலைபோல் ஓடுகின்றன. இரண்டு கம்பிகள் குறுக்கிடும் இடந்தோறும் ஒரு விசை. 5 கிடைக்கம்பிகளும் 14 நெடுங்கம்பிகளும் இருந்தால் 70 சந்திப்புகள் கிடைக்கும். 61 விசைகளுக்கு 19 கம்பிகளே போதும். ஒரு சிறிய நுண்செயலி இவ்வலையை நொடிக்குப் பல நூறு முறை சுற்றிப் பார்த்து, எந்தச் சந்திப்பு மூடியிருக்கிறது என்று கண்டுபிடிக்கிறது.

இந்த ஏற்பாட்டில் விரலுக்கு ஒரு நட்டம் நேர்ந்தது. சுவிட்சு மூடியதா, இல்லையா? அதை விரலுக்குச் சொல்ல எதுவுமில்லை. தண்டு எழும்பும் கனமும் இல்லை, தாளில் விழும் அடியும் இல்லை. பொறியாளர்கள் இந்த உணர்வைச் செயற்கையாகவே திரும்பப் படைக்க வேண்டியிருந்தது.

ஐ.பி.எம். பொறியாளர் ரிச்சர்ட் ஹன்டர் ஹாரிஸ் இதற்கு ஓர் அழகிய வழி கண்டார். 1978-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. விசைக்கு அடியில் ஒரு சுருள்வில் நிற்கிறது. அழுத்த அழுத்த அது சுருங்குகிறது. ஒரு நிலைக்குமேல் சுருங்கமுடியாமல் திடீரென்று பக்கவாட்டில் வளைகிறது. வளையும்போது சுற்றியுள்ள குழாயின் சுவரில் மோதி 'டிக்' என்று ஒலிக்கிறது. அதே கணத்தில் அடியிலுள்ள சிறு சுத்தியல் சாய்ந்து சுவிட்சை இயக்குகிறது. இவ்வாறு தடை சட்டென்று குறைவதை விரல் உணர்கிறது, ஒலியைக் காது கேட்கிறது, எழுத்தைக் கணிப்பொறி பெறுகிறது. மூன்றும் ஏறத்தாழ ஒரே கணத்தில் நிகழ்கின்றன. 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். சொந்தக் கணிப்பொறியின் 83 விசைப் பலகை இம்முறையில் அமைந்ததே. இன்றும் அதைத் தேடி வாங்குவோர் உண்டு.

தோற்றுப்போன முன்னோடி

இதே நிறுவனம் வீடுகளுக்கென்று மலிவான ஒரு கணிப்பொறியைச் செய்து, 1983 நவம்பரில் அறிவித்தது. அதன் பெயர் 'பி.சி. ஜூனியர்'. அதன் விசைப்பலகையில் 62 விசைகள். அகச்சிவப்புக் கதிர்களால் அது கணிப்பொறியோடு பேசியது. நான்கு சிறிய மின்கலங்கள் அதை இயக்கின. குறைந்த இடத்தில் நிறைய வேலை வாங்குவதற்காக 'எஃப்.என்.' என்னும் ஒரு துணைவிசையும் அதில் இருந்தது. அதனோடு எண் விசையைச் சேர்த்து அழுத்தினால் வேறொரு பணி நடக்கும். நான் பயன்படுத்திய இன்றைய பலகையிலும் அந்தத் துணைவிசை அதே பெயரோடு இருக்கிறது!

ஆனால் செலவைக் குறைக்க எண்ணியவர்கள் சுருள்வில்லை விட்டுவிட்டார்கள். சிறு விசைகளை இடைவெளி விட்டு வைத்தார்கள். எழுத்துகள் விசைகளின்மேல் இல்லை; அவற்றுக்கு இடையே பலகையில் அச்சிடப்பட்டிருந்தன. சூயிங்கம் வில்லைகளைப் போல இருந்ததால் மக்கள் அதற்கு அப்பெயரையே சூட்டினார்கள். பாராமல் அடிக்கத் தெரிந்தவர்களுக்கு அது பயன்படவில்லை. ஒரே அறையில் இரண்டு பொறிகள் இருந்தால், ஒன்றின் பலகையில் அடித்தது மற்றொன்றின் திரையில் தோன்றுவதும் உண்டு. கம்பியில்லாப் பலகைக்குத் தனியே ஒரு கம்பியையும் விற்க நேர்ந்தது!

1984-இல் ஐ.பி.எம். வேறொரு விசைப்பலகையை வாங்கியவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தது. எனினும் பொறி பிழைக்கவில்லை. 1985 மார்ச்சில் அதன் உற்பத்தி நின்றது. விலை மிகுதி, பழைய மென்பொருள்கள் சில ஓடாமை எனப் பிற காரணங்களும் உண்டு. ஆயினும் முதலில் எழுந்த முறையீடு விரலின் முறையீடே.

ரப்பர் குமிழும் சுருள்வில்லும்

பின்னர்க் கணிப்பொறிகளின் விலை வீழ்ந்தது. 1990-களில் ரப்பர் குமிழ்ப் பலகைகள் எங்கும் பரவின. விசையின் அடியில் கிண்ணம் கவிழ்த்தாற்போல் ஒரு ரப்பர் குமிழ்; அதற்கும் கீழே மின்தடங்கள் அச்சிட்ட மென்படலங்கள். இதன் விலை குறைவு. தண்ணீர்த் துளி, தூசு ஆகியவற்றையும் ஓரளவு தாங்கும். ஆனால் எழுத்து விழுவதற்கு விசையை ஏறக்குறைய அடிவரை அழுத்தியாக வேண்டும். நாளடைவில் ரப்பரும் தளர்ந்து போகிறது.

செர்ரி என்னும் நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கிய 'எம்.எக்ஸ்.' சுவிட்சு வேறு வகை. அதில் விசை 4 மி.மீ. கீழிறங்கும், பாதி வழியில், ஏறத்தாழ 2 மி.மீ. அளவிலேயே, உலோகத் தகடுகள் தொட்டு எழுத்து விழுந்துவிடும். ஒரு வகை தடையின்றி வழுக்கிச் செல்லும். மற்றொரு வகை நடுவழியில் ஒரு சிறு மேட்டை உணர்த்தும். மூன்றாவது வகை மேட்டோடு ஓசையும் தரும். முறையே சிவப்பு, பழுப்பு, நீலம் என நிறத்தால் இவற்றை அடையாளம் காட்டினார்கள். ஒரு விசை பல கோடி அழுத்தங்களைத் தாங்கும் என்பது செய்வோர் கணக்கு. அடிப்படைக் காப்புரிமையின் காலம் முடிந்தபின் சீன நிறுவனங்கள் பல இதே வடிவில் சுவிட்சுகளைச் செய்ய, விலை இறங்கியது.

இவ்வகைப் பலகைகளை மீண்டும் புகழுக்குக் கொண்டுவந்தவர்களில் கணிப்பொறி விளையாட்டுக்காரர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. விளையாட்டில் மூன்று நான்கு விசைகளை ஒருங்கே அழுத்த நேரும். நாம் மேலே கண்ட கம்பி வலையில் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளை அழுத்தினால், மின்னோட்டம் சுற்றிவந்து, அழுத்தாத நான்காம் மூலையும் அழுத்தப்பட்டதாகக் காட்டும். இதைப் 'பேய் விசை' எனலாம். விசைதோறும் ஒரு டையோடை வைத்தால் மின்னோட்டம் ஒரே திசையில்தான் செல்லும், பேய் அகன்றுவிடும்.

கம்பி அறுந்தது

அகச்சிவப்புக் கதிருக்கு நேர்ப்பார்வை வேண்டும். நடுவே ஒரு புத்தகம் நின்றாலும் தடைப்படும். இன்றைய பலகைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வானொலி அலைகளைப் பயன்படுத்துகின்றன. அவற்றுள் ஒருவகை 1998-இல் அறிமுகமான 'புளூடூத்' முறை. மற்றொன்று, கணிப்பொறியில் செருகும் சிறு ஏற்பியின் வழியே பேசும் முறை. பலகையும் பொறியும் ஒன்றையொன்று முன்பே அறிமுகப்படுத்திக் கொள்வதால், பக்கத்து மேசையின் எழுத்து நம் திரைக்கு வருவதில்லை.

காலத்தாழ்வு எவ்வளவு? நிமிடத்துக்கு 60 சொற்கள் அடிப்பவரைக் கொள்வோம். ஒரு சொல்லுக்கு 5 அடிகள் என்பது தட்டச்சுக் கணக்கு. அப்படியானால் நிமிடத்துக்கு 300 அடிகள். ஓர் அடிக்கு 200 மில்லிநொடி. ஆற்றலைச் சிக்கனப்படுத்தும் புளூடூத் முறையில் இரண்டு செய்திகளுக்கு இடைப்பட்ட மிகக் குறைந்த இடைவெளி நெடுங்காலம் 7.5 மில்லிநொடியாக இருந்தது. எழுதுபவருக்கு இது ஒரு பொருட்டே அன்று. விளையாட்டில் மில்லிநொடிகளையும் எண்ணுவோருக்காக, ஏற்பி முறையில் அதை 1 மில்லிநொடி அளவுக்குக் குறைத்துள்ளனர்.

குறைகளும் உண்டு. மின்கலத்தைக் காக்க, சிறிது நேரம் தொடாவிட்டால் பலகை உறங்கிவிடுகிறது. நான் 'வணக்கம்' என்று தொடங்கினால் திரையில் 'ணக்கம்' என்று வந்ததுண்டு. விசைக்கடியில் ஒளிரும் வண்ண விளக்குகள் மின்கலத்தை விரைவில் தீர்த்துவிடுகின்றன. இன்னொன்றும் கவனத்துக்குரியது. புளூடூத் அல்லாத சில மலிவான கம்பியில்லாப் பலகைகள் எழுத்துகளை மறைபொருளாக்காமல் அப்படியே காற்றில் அனுப்புவதை 2016-இல் ஆய்வாளர் கண்டுபிடித்தனர். கடவுச்சொல்லைக் கூவி அறிவிப்பது போன்றதன்றோ இது!

சிறிய பலகையும் தமிழும்

விசைகளைக் குறைக்கும் எண்ணத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. ஜப்பானியக் கணிப்பொறிப் பேராசிரியர் எய்ச்சி வாடாவின் கருத்தைத் தழுவி, 1996-இல் 60 விசைகளே கொண்ட பலகை ஒன்று வெளிவந்தது. கை அதிகம் நகராமல் எல்லாம் எட்ட வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

தமிழில் எழுதுவோர்க்கு 61 விசைகள் போதுமா? தட்டச்சுப் பொறிக் காலத்தில், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா போன்றோர் 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளுக்குள் அடக்கப் பெரும்பாடு பட்டனர். கணிப்பொறியில் அப்பளு குறைந்தது. 1999-இல் ஏற்கப்பட்ட 'தமிழ்99' முறையில் உயிர் 12, அகர மெய் 18, ஆய்தம் 1 என 31 எழுத்துகளே அடிப்படை. உயிர்கள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. இவற்றுக்கு எண் வரிசை தேவையே இல்லை; நடுவிலுள்ள மூன்று வரிசைகள் போதும். ஆகவே 61 விசைப் பலகையில் தமிழ் குறையின்றி அடங்குகிறது. அதனினும் சிறிய பலகையை வாங்குவோர், ச, ஞ, ந, ய, ழ ஆகியவை இருக்கும் வலக்கோடி விசைகள் அதில் உண்டா என்று பார்த்துக்கொள்வது நலம். விசைகளின்மேல் தமிழ் எழுத்து பொறித்திராதது பற்றிக் கவலை வேண்டாம். பாராமல் அடிக்கக் கற்றவருக்கு அது வேண்டுவதில்லை.

1983-ஆம் ஆண்டுப் பலகையில் சிறுமையும் இருந்தது, கம்பியில்லாத் தொடர்பும் இருந்தது. விரலுக்கு விடை சொல்லும் சுருள்வில் மட்டும் இல்லை. மலிவை நாடிக் கைவிட்ட அந்த வில் இன்று திரும்பி வந்திருக்கிறது. வாங்க விரும்பும் மாணவர் வண்ண விளக்குகளை எண்ண வேண்டாம். கடையில் கண்களை மூடிக்கொண்டு நான்கு வரி அடித்துப் பாருங்கள். விழுந்த எழுத்து எது, விழாத எழுத்து எது என்று உங்கள் விரல் சொன்னால், அது நல்ல பலகை.