உராய்வு விதிகளின் வரலாறு

மேசைமீது ஒரு செங்கல்லைத் தட்டையாகக் கிடத்தி இழுப்பதற்கும், அதனையே ஒடுங்கிய பக்கத்தில் நிறுத்தி இழுப்பதற்கும் வேண்டிய விசைகளுள் எது பெரிது? இவ்வினாவை வகுப்பில் எழுப்புந்தோறும் மாணவருட் பெரும்பாலார் தட்டையாகக் கிடக்கும் கல்லே மிகுதியாகத் தடுக்கும் என விடையிறுப்பர். விற்றராசு கொண்டு அளந்து காட்டியவிடத்து, இரு விசைகளும் ஏறக்குறைய ஒத்திருத்தல் கண்டு வியப்பர். அவர்களை நகைத்தல் தகாது. பாரிசு நகரின் அறிவியற் கழகத்தாரும் ஒருகாலத்தில் இவ்வாறே வியந்தனர்.

இவ்வுண்மையை முதற்கண் உணர்ந்தவர் இத்தாலிய ஓவியரான லியொனார்டோ டா வின்சி (1452–1519) ஆவர். சுமை இரட்டித்தால் உராய்வும் இரட்டிக்கும் என்பதையும், தொடுபரப்பு மாறினும் உராய்வு மாறாது என்பதையும் அவர் தம் குறிப்பேடுகளில் எழுதினார். உராய்வு சுமையின் நாலிலொரு பங்கு என அவர் கணித்தார். ஆயின் அவ்வேடுகளை அவர் அச்சேற்றினாரல்லர். அவை பல கைகளிற் சிதறின. மதிரித்து நூலகத்தில் மறைந்து கிடந்த இரு சுவடிகள் 1960களிலேயே வெளிப்பட்டன. எனவே, அவர் கண்டவற்றாற் பின்வந்தோர் பயன்பெற்றிலர்.

இரு நூற்றாண்டுகள் கழிந்தன. இளமையிலேயே செவிப்புலனை இழந்த கியோம் அமொந்தன் என்னும் பிரெஞ்சு அறிஞர், 1699 ஆம் ஆண்டில் அதே இரு விதிகளையும் தாமாகவே கண்டு, கழகத்தின் முன் வைத்தார். உராய்வு சுமையின் மூன்றிலொரு பங்கு என்பது அவர் கணிப்பு. பரப்பைப் பற்றிய கூற்றைக் கழகத்தார் எளிதில் ஏற்றிலர். எனினும் அவரை இகழ்ந்து ஒதுக்கினாருமல்லர். உறுப்பினரான பிலிப்பு த லா ஹீர் தாமே பரிசோதனை செய்து அதனை உறுதிப்படுத்தினார்.

அடுத்து வந்தவர் படைப்பொறியியலாளரான கூலோம் (1736–1806). ரோசுபோர் துறைமுகத்தில் அவர் பெரும் சுமைகளைக் கொண்டு பரிசோதனைகள் நடத்தி, 1781 ஆம் ஆண்டில் கழகத்தின் பரிசைப் பெற்றார். இயங்கும் பொருளின் உராய்வு அதன் வேகத்தைப் பெரும்பாலும் சார்ந்ததன்று என அவர் கண்டார். மரத்தின்மேல் மரம் நெடுநேரம் ஓய்ந்திருப்பின், அதனை அசைக்க வேண்டிய விசை கூடுதலையும் அவர் அளந்தார்.

விதி கிடைத்தது, காரணம் கிடைத்திலது. கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பௌடன், தேபர் என்போர் 1950 இல் வெளியிட்ட நூலில் அதனை விளக்கினர். எத்துணை மெருகிட்ட பரப்பும் நுண்ணிய மேடுபள்ளங்கள் உடையது. இரு பரப்புகள் மேடுகளின் நுனிகளில் மட்டுமே உண்மையாகத் தொடுகின்றன. சுமை ஏற ஏற அந்நுனிகள் நசுங்கி, உண்மைத் தொடுபரப்பும் அதற்கேற்பப் பெருகுகின்றது. செங்கல் எப்பக்கத்திற் கிடப்பினும் அதன் நிறை ஒன்றே, ஆதலின் உண்மைத் தொடுபரப்பும் ஏறக்குறைய ஒன்றே, உராய்வும் அவ்வாறே.

லியொனார்டோவின் மதிநுட்பம் அமொந்தனின் மதிநுட்பத்துக்குக் குறைந்ததன்று. ஒருவர் கண்டது ஏட்டோடு உறங்கியது. மற்றவர் கண்டது பிறர் ஐயத்துக்கும் சோதனைக்கும் உட்பட்டு, அறிவியலின் உடைமையாயிற்று. ஆதலின், ஆசிரியர் சொல்வதை நம்ப மறுத்து, விற்றராசைத் தன் கையில் தருமாறு கேட்கும் மாணவனை நாம் கடிதல் வேண்டா. அவன் லா ஹீர் சென்ற வழியிற் செல்பவன்.