டெலூரியக் கனிமப் பெயர்கள்: ஒரு சொல் வரலாற்று நோக்கு

முன்னுரை

கனிமத்தின் பெயர் அதன் அடையாளம் மட்டுமன்று. பெயரிட்ட காலத்து அறிவின் எல்லையையும் அது காட்டும். டெலூரியக் கனிமங்களின் பெயர்கள் தோன்றிய முறையையும், அவை தமிழில் வழங்கப்பட வேண்டிய முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தனிமத்தின் பெயர்

இன்றைய ருமேனியாவிலுள்ள டிரான்சில்வேனியா, 18ஆம் நூற்றாண்டில் ஹாப்ஸ்பர்க் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அங்குக் கிடைத்த தங்கத் தாது ஒன்றை 1782இல் முல்லர் வான் ரைஹென்ஸ்டைன் ஆராயத் தொடங்கினார். அதிலிருந்த உலோகம் ஆன்டிமனியும் அன்று, பிஸ்மத்தும் அன்று எனக் கண்டார். இயல்பு விளங்காமையால் 'முரண் தங்கம்', 'புதிர் உலோகம்' எனப் பொருள்படும் இலத்தீன் தொடர்களே அதற்குப் பெயராயின. 1798இல் கிளாப்ரோத் அதனைத் தனித் தனிமம் என உறுதிசெய்து, நிலமகளைக் குறிக்கும் 'டெல்லுஸ்' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து டெலூரியம் என்னும் பெயரை ஆக்கினார். 1817இல் பெர்சீலியஸ் வேறொரு பொருளை முதலில் டெலூரியம் என்றே மயங்கினார். பின்னர் அது புதிய தனிமம் எனத் தெளிந்து, நிலவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் செலீனியம் என்றழைத்தார். மயக்கத்தின் சுவடு பெயரிலேயே நிலைத்துவிட்டது.

கனிமங்களின் பெயர்கள்

இக்கனிமப் பெயர்கள் பெரும்பாலும் வடிவு, இடம், ஆள் என்னும் மூன்றன் அடிப்படையில் அமைந்தவை. டெட்ராடிமைட் என்பது நான்மடி என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது; படிகங்கள் கூடி நிற்கும் முறையை அது சுட்டும். ஆல்டைட் ஆல்டாய் மலையையும், ஹெஸைட் வேதியியலறிஞர் ஹெஸ்ஸையும் குறிக்கும். எழுத்துப் போன்ற படிகக் கோலத்தால் 'எழுத்துத் தாது' என்று ஜெர்மானியர் வழங்கிய கனிமம், பின்னர் டிரான்சில்வேனியாவின் பெயரால் சில்வனைட் ஆயிற்று. கண்ணுக்குப் புலப்பட்ட தன்மை மறைந்து, கிடைத்த இடம் முன்னின்றது.

கலிபோர்னியாவின் கலாவராஸ் பகுதியில் கிடைத்த தங்க டெலூரைடுக்கு 1868இல் கலாவரைட் எனப் பெயர் அமைந்தது. அதன் எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் தங்கம். எனினும் 1893இல் தங்கம் கண்டறியப்பட்ட ஆஸ்திரேலியாவின் கால்கூர்லியில், தங்க டெலூரைடு கலந்த கற்கள் பயனற்றவை என ஒதுக்கப்பட்டன. தெருப் பள்ளங்களை நிரப்பவும் அவை பயன்பட்டன. 1896இல் உண்மை தெரிந்தபின் தெருவையே தோண்டினர். நூலில் பெயர் இருந்தும், கையிலிருந்த கல்லோடு அதனைப் பொருத்துவார் இல்லை.

முடிவுரை

ஸ்பானிய மொழியில் 'கலாவராஸ்' என்பது மண்டையோடுகளைக் குறிக்கும். கலாவரைட்டை 'மண்டையோட்டுக் கனிமம்' என மொழிபெயர்த்தால், இடத்தைச் சுட்டும் பெயர் வடிவைச் சுட்டுவதாகத் திரியும். ஆகவே இடப்பெயர், ஆட்பெயர் வழி வந்தவற்றை ஒலிபெயர்த்து, 'தங்க டெலூரைடு' என்பது போன்ற விளக்கத்தை உடன் தருதல் வேண்டும். வடிவால் அமைந்த பெயர்களையே பொருள்பெயர்த்தல் தகும்.