நீலத்தாளும் இரண்டே கடன்களும்: அமெரிக்கப் படைவீரர் சட்டத்தில் கறுப்பினத்தவருக்கு நடந்தது

தோழர்களே, நம் படிப்பு வட்டங்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. "சட்டம் எல்லோருக்கும் பொதுவாகத்தானே இருக்கிறது? அதில் சாதியே இல்லையே! பிறகு எங்கிருந்து பாகுபாடு வருகிறது?" இதற்குப் பதில் தேடும்போது அமெரிக்காவின் 1944-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றை நாம் கட்டாயம் படிக்க வேண்டும். சட்டத்தின் ஒரு வரியில்கூட நிறம் இல்லை. நடைமுறையில் அது நிறம் பார்த்தே கொடுத்தது.

1944 ஜூன் 22 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் படைவீரர் மறுவாழ்வுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அமெரிக்கச் சிப்பாயை 'ஜி.ஐ.' என்று அழைப்பது வழக்கம் என்பதால் மக்கள் இதை ஜி.ஐ. மசோதா என்றார்கள். போர் முடிந்து ஊர் திரும்பும் வீரருக்கு இது நான்கு வழிகளைத் திறந்தது. வேலை கிடைக்கும்வரை வாரம் 20 டாலர் வீதம் அதிகபட்சம் 52 வாரங்களுக்கு உதவித்தொகை. கல்லூரியிலோ தொழிற்பயிற்சியிலோ சேர்ந்தால் ஆண்டுக்கு 500 டாலர் வரை கட்டணம், அதோடு மாதாந்திர வாழ்க்கைச் செலவுப் பணம். வீடு, பண்ணை, தொழில் ஆகியவற்றுக்கு வாங்கும் கடனுக்கு அரசின் உத்தரவாதம். வேலை தேடித்தர வேலைவாய்ப்பு அலுவலகங்கள்.

1956-க்குள் ஏறத்தாழ 78 லட்சம் வீரர்கள் இதன் மூலம் படித்தார்கள் அல்லது பயிற்சி பெற்றார்கள். கூலித் தொழிலாளியின் மகன் பொறியாளர் ஆனான், வாடகை வீட்டில் இருந்தவன் சொந்த வீட்டுக்காரன் ஆனான். அமெரிக்க நடுத்தர வர்க்கத்தை வளர்த்தெடுத்த சட்டம் என்று இன்றும் இதைப் புகழ்கிறார்கள். புகழ்ச்சியில் பொய் இல்லை. ஆனால் அந்த நடுத்தர வர்க்கம் ஏன் பெரும்பாலும் வெள்ளையாக இருந்தது என்ற கேள்வி அந்தப் புகழ்ச்சியில் காணாமல் போய்விடுகிறது.

இரண்டாம் உலகப் போரில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் அமெரிக்கப் படையில் இருந்தார்கள். ஹிட்லரின் இனவெறியை எதிர்த்துப் போரிடப் போனவர்களுக்குத் தங்கள் சொந்தப் படையிலேயே தனிப் பிரிவு, தனிக் கூடாரம், தனி உணவுக்கூடம். இவர்களுக்கும் புதிய சட்டம் பொருந்தும். மிசிசிப்பி மாநிலத்தின் காங்கிரஸ் உறுப்பினர் ஜான் ராங்கினுக்கு இதுதான் உறுத்தியது. படைவீரர் சட்டங்களைக் கையாளும் குழுவின் தலைவர் அவர். வெளிப்படையான நிறவெறியர். வாரம் 20 டாலர் கையில் வந்தால் கறுப்பினத் தொழிலாளி பருத்திக் காட்டுக்கு அற்பக் கூலிக்கு வரமாட்டான் என்று அஞ்சினார்.

ராங்கினும் தென்மாநில உறுப்பினர்களும் சட்டத்தில் நிறத்தடை எழுதச் சொல்லிக் கேட்கவில்லை. அதற்குத் தேவையும் இல்லை. பணத்தை மத்திய அரசு தரட்டும், நடைமுறை மட்டும் மாநிலங்கள் கையிலும் உள்ளூர் அலுவலகங்கள் கையிலும் இருக்கட்டும் என்று பார்த்துக்கொண்டார்கள். உள்ளூர் அலுவலகத்தில் யார் உட்கார்ந்திருப்பார் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். நமக்கும் தெரியும்.

கறுப்பின வீரர் எங்கெங்கே மறிக்கப்பட்டார் என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதலில், படையிலிருந்து விடுவிக்கும் சான்றிதழ். கௌரவமான விடுவிப்பு, அவமதிப்பான விடுவிப்பு என்ற இரண்டுக்கும் நடுவே 'நீலத்தாள்' என்று ஒன்று இருந்தது. நீல நிறக் காகிதத்தில் அச்சிட்டதால் இந்தப் பெயர். இதைக் கொடுக்க ராணுவ நீதிமன்ற விசாரணை தேவையில்லை. ஒருபாலீர்ப்பு என்று குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கும், மேலதிகாரியோடு ஒத்துப்போகாத கறுப்பின வீரர்களுக்கும் இதைத் தாராளமாகக் கொடுத்தார்கள். 1941 டிசம்பர் முதல் 1945 ஜூன் வரை ராணுவம் கொடுத்த நீலத்தாள்கள் 48,603. அவற்றில் 10,806 கறுப்பினத்தவருக்குப் போயின. ராணுவத்தில் சுமார் 6.5 சதவீதமாக இருந்தவர்களுக்கு 22 சதவீத நீலத்தாள்! அவமதிப்பாக விடுவிக்கப்பட்டவர்களை மட்டுமே சட்டம் ஒதுக்கியிருந்தது. படைவீரர் நிர்வாகமோ நீலத்தாள் வைத்திருந்தவர்களுக்கும் கையை விரித்தது. 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்ற கறுப்பினப் பத்திரிகை இதை எதிர்த்துத் தொடர்ந்து எழுதியது.

அடுத்தது வேலைவாய்ப்பு அலுவலகம். கறுப்பின வீரர் படையில் லாரி ஓட்டியிருக்கலாம், ரேடியோ பழுது பார்த்திருக்கலாம். ஊர் அலுவலகம் அவருக்குக் காட்டுவது சுமை தூக்கும் வேலையையே. மறுத்தால், 'பொருத்தமான வேலையை ஏற்க மறுத்தார்' என்று எழுதி வாரம் 20 டாலரையும் நிறுத்திவிடலாம். 1946 அக்டோபர் வரையிலான மிசிசிப்பிக் கணக்கில், திறன் சார்ந்த வேலைகளில் 86 சதவீதம் வெள்ளையருக்கும், திறன் தேவையற்ற வேலைகளில் 92 சதவீதம் கறுப்பினத்தவருக்கும் போயிருந்தன.

மூன்றாவது கல்லூரி. கட்டணத்தை அரசு தரத் தயார், ஆனால் தென்மாநில வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் கறுப்பின மாணவரைச் சேர்க்காது. கறுப்பினக் கல்லூரிகளோ எண்ணிக்கையில் குறைவு, கட்டடமும் விடுதியும் போதாதவை. இடமில்லாமல் ஆயிரக்கணக்கானோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

கடைசியாக வங்கி. அரசு கடன் தரவில்லை, வங்கி தரும் கடனுக்கு உத்தரவாதம் மட்டுமே தந்தது. கொடுப்பதா வேண்டாமா என்பது வங்கி மேலாளரின் விருப்பம். 1947-ல் மிசிசிப்பியின் 13 நகரங்களில் இந்தச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட கடன்கள் 3,200-க்கும் மேல். அவற்றில் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு. "அது தெற்கு, வடக்கில் அப்படி இல்லை" என்றும் சொல்லிவிட முடியாது. நியூயார்க், வடக்கு நியூஜெர்சி புறநகர்களில் உத்தரவாதம் பெற்ற சுமார் 67,000 வீட்டுக் கடன்களில் வெள்ளையர் அல்லாதோருக்குப் போனவை 100-க்கும் குறைவு. லாங் ஐலண்டில் 1947-ல் எழும்பிய லெவிட்டவுன் குடியிருப்பின் ஒப்பந்தத்தில், வெள்ளை இனத்தவர் அல்லாதோர் அங்கே குடியிருக்கக் கூடாது, வீட்டு வேலைக்காரர்கள் மட்டும் இருக்கலாம் என்று எழுதியே வைத்தார்கள். ஊர் வேறு, சேரி வேறு என்று வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வீடு என்பது வெறும் கூரை அல்ல. அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கலாம், விற்றுத் தொழில் தொடங்கலாம், பேரனுக்கு விட்டுச் செல்லலாம். 1947-ல் மறுக்கப்பட்ட கடனின் விலையை இன்று மூன்றாம் தலைமுறை கட்டிக்கொண்டிருக்கிறது.

மருத்துவத்திலும் இதே போராட்டம்தான். முதல் உலகப் போரில் காயமுற்ற கறுப்பின வீரர்களுக்காக 1923-ல் அலபாமாவின் டஸ்கிகியில் ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. நோயாளிகள் கறுப்பர், ஆனால் மருத்துவர்களும் நிர்வாகிகளும் வெள்ளையராக இருக்க வேண்டும் என்று உள்ளூர் வெள்ளையர்கள் அடம்பிடித்தார்கள். கு கிளக்ஸ் கிளான் அங்கே ஊர்வலம் போய் மிரட்டியது. கறுப்பின மருத்துவர் சங்கமும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பும் விடவில்லை. 1924-ல் டாக்டர் ஜோசப் வார்டு என்ற கறுப்பின மருத்துவர் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அலுவலகத்தில் நம் ஆள் உட்கார வேண்டும் என்பது வெறும் பதவி ஆசை அல்ல என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

உரிமை கேட்டவர்கள் கொடுத்த விலையையும் மறக்கக் கூடாது. 1946 பிப்ரவரி 12 அன்று, படையிலிருந்து விடுவிக்கப்பட்ட சில மணி நேரத்தில், சீருடையோடு பேருந்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார் சார்ஜண்ட் ஐசக் வுடார்ட். ஓட்டுநரோடு ஏற்பட்ட வாக்குவாதத்துக்காக அவரைத் தென் கரோலினாவின் ஒரு சிற்றூரில் இறக்கினார்கள். காவல்துறைத் தலைவர் தடியால் தாக்கியதில் இரண்டு கண்களும் பறிபோயின. முழுக்க வெள்ளையர் அடங்கிய நடுவர் குழு அந்த அதிகாரியை விடுவித்தது. இந்தக் கொடுமை அதிபர் ட்ரூமனை உலுக்கியது. 1948 ஜூலை 26 அன்று படைகளில் சமவாய்ப்பு வேண்டும் என்று அவர் ஆணையிட்டதற்குப் பின்னால் இதுபோன்ற தாக்குதல்களும், இவற்றை எதிர்த்துக் கறுப்பினத்தவர் நடத்திய போராட்டங்களும் இருக்கின்றன.

இத்தனை தடைகளையும் மீறிச் சிலர் இதே சட்டத்தைப் பிடித்து ஏறினார்கள். மிசிசிப்பியின் மெட்கர் எவர்ஸ் அதன் உதவியால் அல்கார்ன் கல்லூரியில் படித்தார், பிறகு அம்மாநிலத்தில் என்.ஏ.ஏ.சி.பி.யின் களச் செயலாளர் ஆனார். 1963-ல் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஓட்டையுள்ள சட்டத்தையும் நம் ஆட்கள் ஆயுதமாக்கலாம் என்பதற்கு அவர் சாட்சி.

இந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. மறுக்கப்பட்ட வீடு, கல்வி உதவிகளை அந்தக் கறுப்பின வீரர்களின் வாரிசுகளுக்கு வழங்கக் கோரும் மசோதா 2021-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் அறிமுகமானது. ஐசக் வுடார்டின் பெயரும், ஹார்வர்டில் இடம் கிடைத்தும் கல்வி உதவி மறுக்கப்பட்ட ஜோசப் மேடாக்ஸின் பெயரும் அதற்குச் சூட்டப்பட்டன. அது அப்போது நிறைவேறவில்லை.

இது நமக்கு அந்நியக் கதை அல்ல. கோரேகான் தூணில் பெயர் பொறிக்கப்பட்ட மகர்களின் வாரிசுகளுக்கு 1892-ல் படையின் கதவு மூடப்பட்டது. அதைத் திறக்கச் சொல்லி 1910-ல் சிவராம் ஜான்பா காம்ப்ளே மனு எழுதினார். சுபேதார் ராம்ஜியின் மகனான அண்ணல் அம்பேத்கர் தொடர்ந்து வாதாடினார். 1941-ல்தான் மகர் ரெஜிமெண்ட் உருவானது. அதே அண்ணல் 1946-ல் கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா.வுக்குக் கறுப்பினத்தவர் அளித்த மனுவின் பிரதியைக் கேட்டார். இரண்டு மக்களின் நிலையும் ஒன்றுபோல இருப்பதை அவர் கண்டிருந்தார்.

நம் பஞ்சமி நிலத்தையும் நினைத்துப் பாருங்கள். பட்டியல் சாதியினர் அல்லாதோருக்குக் கைமாற்றக் கூடாது என்ற நிபந்தனை ஆவணத்தில் இன்றும் இருக்கிறது. நிலம் யார் கையில் இருக்கிறது? அங்கே வங்கி மேலாளர், இங்கே வட்டாட்சியர் அலுவலகம்.

அதனால் ஒரு புதிய திட்டம் அறிவிக்கப்படும்போது கைதட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். யார் விண்ணப்பத்தை வாங்குகிறார், யார் முடிவெடுக்கிறார், மறுத்தால் யாரிடம் முறையிடுவது என்று கேளுங்கள். ஆண்டு முடிவில் எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்ற விவரத்தைச் சாதிவாரியாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். மிசிசிப்பியின் அந்த 'இரண்டு' யாரோ கணக்கெடுத்து எழுதிவைத்ததால்தான் இன்று நமக்குத் தெரிகிறது. நம் ஊர்க் கணக்கை நாம்தான் எடுக்க வேண்டும்.