சந்திரசேகரும் பாதரசச் சோதனையும்

அயனியாக்கப்பட்ட வளிமமே பிளாஸ்மா. சூரியனும் பிற விண்மீன்களும் பெரும்பாலும் அதனால் ஆனவை. அவற்றைத் தொட்டு ஆராய வழியில்லை. ஆகவே அங்கு செயல்படும் விதிகளை ஆய்வகத்தில் சோதிக்கும் துறை உருவானது. அதன் தொடக்க கால வரலாற்றில் இயற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு (1910–1995) முக்கிய இடம் உண்டு. இலாகூரில் பிறந்து சென்னையில் படித்த இவருடைய முன்னோர், தஞ்சாவூர்ப் பகுதியில் வேளாண்மை செய்து வாழ்ந்தவர்கள்.

சூரியப் புள்ளிச் சிக்கல்

சூரியப் புள்ளிகளில் வலிமையான காந்தப்புலம் இருப்பதை 1908இல் ஜார்ஜ் ஹேல் கண்டறிந்தார். அப்புள்ளிகளில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் கொடைக்கானலில் ஜான் எவர்ஷெட் கண்டார். சூரியனின் மேற்பரப்பு வெப்பநிலை ஏறத்தாழ 5,800 கெல்வின். புள்ளியின் நடுவிலோ சுமார் 4,000 கெல்வின்தான். இந்த வேறுபாடு ஏன்?

சோற்று உலையில் அடியில் சூடான நீர் மேலேறும். மேலுள்ள நீர் கீழிறங்கும். இவ்வெப்பச்சலனமே சூரியனின் மேலடுக்குகளிலும் வெப்பத்தை மேலே கொண்டுவருகிறது. காந்தப்புலம் அதைத் தடுப்பதால் புள்ளி குளிர்கிறது என்று 1941இல் லுட்விக் பியர்மன் கருதினார்.

கணக்கும் சோதனையும்

சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சந்திரசேகர் 1952இல் இதைக் கணக்கிட்டார். மின்கடத்தும் பாய்மம் காந்தப்புலத்தின் குறுக்கே நகரும்போது அதில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. அதனால் எழும் விசை நகர்வை எதிர்க்கிறது. எனவே புலம் வலுக்க வலுக்க, சலனம் தொடங்க அடிக்கும் மேலுக்கும் இடையே அதிக வெப்பநிலை வேறுபாடு தேவைப்படும். இத்தடையை அளக்கும் எண் இன்று ‘சந்திரசேகர் எண்’ எனப்படுகிறது. அது புலத்தின் வலிமை, அடுக்கின் ஆழம் ஆகிய இரண்டின் இருபடிகளுக்கும் நேர்விகிதத்தில் இருக்கும்.

சிகாகோவில் நாககாவா, அறை வெப்பநிலையிலேயே நீர்மமாக இருக்கும் உலோகமான பாதரசத்தைக் கீழிருந்து சூடாக்கி, வலிய காந்தப்புலத்தில் வைத்து இதைச் சோதித்தார். 1955இல் வெளியான முடிவுகள் கணக்குடன் ஒத்துப்போயின. சூரியனின் அளவுகளை ஆய்வகம் எட்டவில்லை. ஆனால் சலனம் எப்போது தொடங்கும் என்ற விதி உறுதியானது.

சுழலும் பாய்மங்கள்

காந்தப்புலம் எப்போதும் அமைதிப்படுத்துவதில்லை. சுழலும் மின்கடத்துப் பாய்மத்தை மெலிந்த புலம் நிலைகுலைக்கவும் கூடும் என்று 1959இல் வெலிகோவும் 1960இல் சந்திரசேகரும் காட்டினர். கருந்துளைகளையும் இளம் விண்மீன்களையும் சுற்றும் வட்டுகளில் வளிமம் கோண உந்தத்தை இழந்து உள்ளே விழுவதற்கு இதுவே காரணமாகலாம் என்பதை 1991இல்தான் பால்பஸ், ஹாலி ஆகியோர் உணர்த்தினர். காலியம், இண்டியம், வெள்ளீயம் கலந்த நீர்ம உலோகத்தைச் சுழற்றி, இந்நிலைகுலைவு ஏற்படுவதற்கான சான்றைப் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்டனர்.

பாதரசமும் இக்கலவையும் பிளாஸ்மா அல்ல; மின்கடத்தும் பாய்மம் என்ற அளவிலேயே அதை ஒத்தவை. உண்மையான பிளாஸ்மாவிலும் இத்தகைய சோதனைகள் நடக்கின்றன. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினர் செறிந்த லேசர் துடிப்புகளால் மேசையளவுக் கருவியில் பிளாஸ்மாவை உண்டாக்கி, விண்வெளியில் காணப்படுவதை ஒத்த காந்தக் கொந்தளிப்பை அதில் கண்டு 2017இல் அறிவித்தனர்.