முந்திரி சாகுபடி (கடலூர் வட்டாரம்)

கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டி, விருத்தாசலம், குறிஞ்சிப்பாடிப் பகுதிகளின் செம்மண் மேடுகளில் பெரும்பாலும் மானாவாரியாக வளரும் பணப்பயிர் முந்திரி. இதன் தாயகம் வடகிழக்கு பிரேசில். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இதை இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தனர். கொச்சியில் இம்மரத்தைக் கண்ட கிறிஸ்தோபல் அக்கோஸ்தா 1578-இல் அதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

மண் அரிப்பைத் தடுக்கவே கொண்டுவரப்பட்டது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். எப்படியோ, வேறெதுவும் விளையாத தரிசுக்கான மரம் என்ற பெயர் நிலைத்துவிட்டது; முந்திரிக்குக் கெடுதல் செய்ததும் அந்தப் பெயர்தான். கொட்டையை ஊன்றிவிட்டு, மகசூலுக்கு மட்டும் தோப்புப் பக்கம் போவார்கள். அயல் மகரந்தச் சேர்க்கையால் விதைக்கன்றுகளுக்குத் தாய்மரத்தின் குணம் அப்படியே வராது. ஒரு மரம் கொட்டித் தீர்க்கும். பக்கத்து மரம் நிழலோடு சரி.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் நல்ல மரங்களைத் தேர்ந்து இரகங்களாக்கியது. அவற்றுள் வி.ஆர்.ஐ 3 (1991) பரவலாகப் பெயர் பெற்றது. இவற்றைப் பெருக்க உதவுவது இளந்தண்டு ஒட்டு. தாய்க்குச்சியின் இலைகளை மரத்திலேயே ஒரு வாரம் முன்னதாகக் கிள்ளிவிட்டு, மொட்டு திரண்டதும் வெட்டுவார்கள். அடியை ஆப்பாகச் சீவி, பையில் வளர்ந்த இளங்கன்றின் பிளந்த தண்டில் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டுவார்கள். ஒட்டுக்கன்று மூன்றாம் ஆண்டிலேயே காய்க்கத் தொடங்கும். 7 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 80 கன்றுகள் பிடிக்கும்.

2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல், பூக்கும் பருவம் நெருங்கியிருந்த மரங்களை வேரோடு சாய்த்தது. தலைமுறைத் தோப்புகள் ஒரே நாளில் விறகாயின. பிறகு நட்டவற்றில் ஒட்டுக்கன்றுகளே மிகுதி. ஆனால் அவை காய்ப்புக்கு வரும்வரை வருமானத்துக்கு வழியில்லாமல் இருந்தது.

அறுவடை மார்ச் முதல் மே வரை. உதிர்ந்த கொட்டையைப் பொறுக்கிக் காயவைப்பார்கள். ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும்; கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களில் கறையும் தழும்பும் சாதாரணம். கிலோக் கணக்கில் விற்கும் முழுப்பருப்பு எண்ணிக்கையால் தரம் பெறுகிறது: ‘320’ என்றால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்பு.

பண்ருட்டி ஆலைகளுக்கு உள்ளூர் விளைச்சல் போதாது. ஆப்பிரிக்கக் கொட்டைகளும் இங்கே வந்து உடைபடுகின்றன. கோவாவில் ஃபெனி என்ற மதுவாக வடிக்கப்படும் முந்திரிப்பழம் இங்கே பெரும்பாலும் தோப்பிலேயே கிடந்து அழுகுகிறது.